போமன் ஜம்போ பெட்டி: பாக்கெட்டைக் கிழிப்பது முதல் டாப்லோடர் வரை

மரமட்டை

2023 போமன் பேஸ்பால் கார்டுப் பெட்டி ஒன்று வாங்கும் எண்ணம். ஹாபியா, ஜம்போவா? உடைத்த பிறகு மேசையில் குவியும் நூற்றுக்கணக்கான கார்டுகளில் எதை உடனே உறையில் போட வேண்டும், எதை அப்படியே அடுக்கி வைக்கலாம்? பிசிபி, சிபிஏ, 'ஃபர்ஸ்ட்' என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஒரே இழையில் சொன்னால் புதிதாக வருகிற எல்லோருக்கும் உதவும்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ்

முதலில் எண்ணிக்கை. 2023 ஹாபி பெட்டியில் 24 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 10 கார்டு. ஆக 240 கார்டு, ஒரு ஆட்டோகிராஃப் (சுருக்கமாக ஆட்டோ, ஆட்டக்காரர் கையெழுத்திட்ட கார்டு). ஜம்போவில் 12 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 32. ஆக 384 கார்டு, மூன்று ஆட்டோ. இரண்டின் விலையையும் எழுதிக்கொண்டு ஹாபி விலையை ஒன்றாலும் ஜம்போ விலையை மூன்றாலும் வகுத்துப் பாருங்கள். ஒரு ஆட்டோவுக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலான நாட்களில் ஜம்போதான் கட்டுபடியாகும். ஹாபி பெட்டியில் 24 தடவை உறை கிழிக்கிற சந்தோஷம் இருக்கிறது, அதற்கும் ஒரு விலை உண்டு என்று நினைப்பவர்கள் அதை எடுக்கலாம், தப்பில்லை.

பொதுக் கடைகளில் கிடைக்கும் சிறிய பிளாஸ்டர் (blaster) பெட்டியில் ஆட்டோவுக்கு உத்தரவாதம் கிடையாது. மெகா பெட்டி தனி ரகம். அதில் வரும் மோஜோ ரிஃப்ராக்டர்களின் (ரிஃப்ராக்டர் என்றால் சாய்த்தால் வானவில் ஓடும் கார்டு) ஒளிவட்டக் கோலமே வேறு, அதற்கென்று சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டோவைக் குறிவைத்து மெகா வாங்காதீர்கள்.

இன்னொன்று. 'ஒரு பெட்டிக்கு இத்தனை' என்பது சராசரிதான். பெட்டியில் அச்சடித்திருப்பதை நிதானமாகப் படியுங்கள்.

டபுள்ஏ_ரசிகை

குறியீடுகளை நான் சொல்கிறேன். கார்டைத் திருப்பிப் பின்பக்கம் எண்ணைப் பாருங்கள். முன்னெழுத்து ஏதும் இல்லாமல் 1 முதல் 100 வரை இருந்தால் அது அடிப்படைத் தொகுப்பு: பெரிய லீக் (எம்எல்பி) ஆட்டக்காரர்களும் அந்த ஆண்டின் ரூக்கிகளும், அதாவது அறிமுக ஆட்டக்காரர்களும். பிபி (BP) என்று தொடங்கினால் காகித ப்ராஸ்பெக்ட், அதாவது பெரிய லீக்கை இன்னும் எட்டாத இளம் ஆட்டக்காரர், 150 பேர். பிசிபி (BCP) என்றால் அதே 150 பேர், ஆனால் பளபளக்கும் குரோம் கார்டில். பிறகு தனியாக வரும் போமன் குரோம் தொகுப்பில் பல ஆண்டுகளாக பிசிபி 151இலிருந்து எண் தொடர்கிறது. சிபிஏ (CPA) என்பது குரோம் ப்ராஸ்பெக்ட் ஆட்டோகிராஃப், அதற்குப் பிறகு எண்ணுக்குப் பதில் ஆட்டக்காரரின் பெயரெழுத்துகள் இருக்கும். ஆண்டுக் கடைசியில் வரும் போமன் டிராஃப்டில் இவையே பிடி (BD), பிடிசி (BDC), சிடிஏ (CDA) என்று மாறும்.

இப்போது 'ஃபர்ஸ்ட்' முத்திரை. போமன் முத்திரையோடு ஒரு ஆட்டக்காரர் முதன்முதலாக வரும் கார்டுக்கு அது. சந்தை மதிப்பது இதைத்தான். ஒரே பையன் அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று மறுபடி மறுபடி தொகுப்பில் வருவான். அந்தக் கார்டுகளில் முத்திரை இருக்காது, விலையும் கணிசமாகக் குறையும். படம் நன்றாக இருக்கிறதே, பெயர் பெரிய பெயராயிற்றே என்று முத்திரையைப் பார்க்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் போமன் கார்டு ஒரு தொகுப்பிலும், முதல் குரோம் ஆட்டோ வேறொரு தொகுப்பிலும் வரலாம். இரண்டும் ஒன்றல்ல. தனிக் கார்டு வாங்குவதற்கு முன் இரண்டு தொகுப்புகளின் பட்டியலையும் திறந்து வைத்துச் சரிபாருங்கள். கல்லூரிச் சீருடையோடு வரும் போமன் யூனிவர்சிட்டி கார்டையும் 'ஃபர்ஸ்ட்' கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

மரமட்டை

நன்றி. அப்படியென்றால் ப்ராஸ்பெக்ட் கார்டு ரூக்கி கார்டு இல்லையா? போமன் பெட்டியிலேயே ரூக்கி கார்டின் வீடு என்று போட்டிருக்கிறதே?

பபிள்கம்_பெட்டி

அதிகாரபூர்வமாக இல்லை. 2006இல் ஆர்சி (RC, ரூக்கி கார்டு) சின்னம் வந்தது. பெரிய லீக்கை எட்டிய பிறகு வரும் கார்டுக்கே அந்தச் சின்னம். அதனால் ப்ராஸ்பெக்ட்களைப் போமன் தனி எண் வரிசையில் போடுகிறது, பிபி, பிசிபி எல்லாம் அப்படித்தான் வந்தன. அதற்கு முன் இந்தப் பிரிவினை கிடையாது. ஆல்பர்ட் புஹோல்ஸின் 2001 போமன் குரோம் ஆட்டோ, எண் 340, மொத்தம் 500 பிரதி. அது ரூக்கி கார்டுதான். 1999 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 13ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர் அவர்.

கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். போமன் 1948இலிருந்து 1955 வரை பபிள்கம்மோடு பேஸ்பால் கார்டு விற்ற நிறுவனம். 1956இல் அதை டாப்ஸ் என்ற கார்டு நிறுவனம் வாங்கியது. 1989இல் அந்தப் பெயரை மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த 1989 கார்டுகள் இரண்டரைக்கு மூன்றே முக்கால் அங்குலம், வழக்கமான கார்டைவிடக் கால் அங்குலம் உயரம். ஒன்பது அறை ஆல்பத் தாளில் போட்டால் தலை வெளியே நீட்டிக்கொண்டு மடங்கிவிடும், பழைய தொகுப்பு வாங்கினால் கவனம். 1992 போமனில் இளம் ஆட்டக்காரர்கள் பலர் சீருடை இல்லாமல் வீட்டு உடையில் நிற்பார்கள். மரியானோ ரிவேராவின் கார்டு அதில் எண் 302. போமன் குரோம் 1997இல் தொடங்கியது.

எண்கணக்கன்

வண்ண வரிசையையும் போட்டுவிடுகிறேன், இது தெரியாமல் பெட்டி உடைக்கக் கூடாது. குரோம் ஆட்டோவில் சாதாரணக் கார்டுக்கு வரிசை எண் கிடையாது. அதற்கு மேலே ரிஃப்ராக்டர் 499 பிரதி, ஊதா 250, நீலம் 150, பச்சை 99, தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5, சூப்பர்ஃப்ராக்டர் ஒன்றே ஒன்று. இது முதுகெலும்பு. நடுநடுவே ஆண்டுக்கு ஆண்டு வேறு வண்ணங்களைச் செருகுவார்கள். கார்டை அச்சடிக்கப் பயன்பட்ட நான்கு அச்சுத் தகடுகளும் உண்டு, ஒவ்வொன்றும் ஒன்றுதான்.

499 என்றால் தொகுப்பு முழுவதற்கும் 499 என்று சிலர் எண்ணுகிறார்கள். இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 499. கையெழுத்திட்டவர்கள் 80 பேர் என்று வைத்துக்கொண்டால் தங்க ஆட்டோ மட்டும் 4,000 வெளியே இருக்கும். எண் பொறித்த கார்டு என்பதாலேயே அது அரிது ஆகிவிடாது, பெயர்தான் தீர்மானிக்கும்.

வாய்ப்புக் கணக்கு பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும். ஹாபிக்கு ஒன்று, ஜம்போவுக்கு ஒன்று, கடைப் பெட்டிக்கு வேறொன்று. எடுத்துக்காட்டுக்கு ஒரு வகைக் கார்டு 480 பாக்கெட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஹாபி பெட்டிக்கு 24 பாக்கெட், எனவே 20 பெட்டிக்கு ஒன்று. சரி, 20 பெட்டி வாங்கினால் கட்டாயம் கிடைக்குமா? கிடைக்காமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 37 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

ஒரே ஓர் ஆட்டக்காரரின் ஆட்டோதான் வேண்டும் என்றால் கணக்கு இன்னும் கசக்கும். அதே 80 பேர், எல்லோரும் சம அளவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று கொண்டால், மூன்று ஆட்டோ உள்ள ஒரு ஜம்போவில் அவர் வரும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. எட்டு பெட்டி, 24 ஆட்டோ உடைத்தாலும் 26 சதவீதம்தான். அந்த ஒருவர்தான் வேண்டும் என்றால் தனிக் கார்டாக வாங்குங்கள். வெளியான வாரம் வாங்க வேண்டாம், பெட்டிகள் நிறைய உடைபட்டு வரத்து கூடும்வரை சில வாரம் பொறுங்கள்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ்

எண்கணக்கன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பெட்டி உடைப்பதில் வேறொரு பயன் இருக்கிறது: 150 பேரின் முகமும் பெயரும் கையில் புரளும். பெயர் தெரியாத 17 வயது டொமினிகன் பையனின் கார்டு அந்தக் கட்டில் கிடக்கும், தனிக் கார்டு தேடுகிறவர் அவன் பெயரைத் தட்டச்சுகூடச் செய்திருக்க மாட்டார். காசுக் கணக்குக்குத் தனிக் கார்டு, கற்றுக்கொள்ளப் பெட்டி. நான் அப்படித்தான் பிரித்துப் பார்ப்பேன்.

குரோம்தாசன்

சரி, கிழிக்கிற வேலைக்கு வருவோம். கார்டு கெடுவது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தில்தான்.

மேசையில் மென்மையான துணி அல்லது ரப்பர் விரிப்பு. காபி, தண்ணீர் வேறு மேசையில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள், கைக்கு கிரீம் தடவியிருந்தால் குரோமில் கைரேகை எண்ணெயாகப் பதியும். ஒரு ஜம்போவுக்குப் பென்னி ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) 100, 35 பாயின்ட் டாப்லோடர் (மேலே திறந்த கடின பிளாஸ்டிக் உறை) 25, அரைக்கடின உறை நான்கைந்து, 800 கார்டு கொள்ளும் அட்டைப்பெட்டி ஒன்று. பாயின்ட் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. குரோம் கார்டுக்கு 35 சரி. துணித்துண்டு பதித்த தடிமன் கார்டு வந்தால் அதற்கு 130 அல்லது அதற்கு மேல் வேண்டும், 35இல் திணித்தால் ஓரம் நசுங்கும்.

பெட்டியின் மேலுறையைப் பிளேடால் அறுக்காதீர்கள். மெல்லிய அட்டை, பிளேடு உள்ளே இறங்கிவிடும். அடிப்பக்க மடிப்பில் நகத்தால் கிளப்பினால் போதும்.

பாக்கெட்டுக்குக் கத்தரிக்கோலே ஆகாது. உள்ளே கார்டு ஒரு பக்கமாக நகர்ந்து பல்வரிசை மாதிரி இருக்கும் ஓர முத்திரையை ஒட்டிக் கிடக்கும், வெட்டினால் மேல் விளிம்பு போச்சு. ஹாபி பாக்கெட்டை மேல் ஓரத்தில் முன்தாளையும் பின்தாளையும் இரு கையால் பிடித்து எதிரெதிராக இழுத்துத் திறவுங்கள். ஜம்போ பாக்கெட்டில் 32 கார்டு இறுக்கமாக இருக்கும். மேலே திறந்து உருவினால் மூலை உறையில் சிக்கும். அதனால் பாக்கெட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் நடுவில் நீளவாக்கில் ஓடும் ஒட்டு மடிப்பைப் பிரித்து, உறையை இரு பக்கமும் வாழைப்பழத் தோல் மாதிரி விரியுங்கள். கட்டு அப்படியே உள்ளங்கையில் உட்காரும்.

அதற்குப் பிறகு சீட்டுக்கட்டு மாதிரி விசிறக் கூடாது, கலைக்கக் கூடாது, மேசையில் தட்டி நேராக்கக் கூடாது. குரோம் மேற்பரப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே இருப்பதைச் சறுக்கி எடுத்தால் கீழே இருப்பதில் மயிரிழைக் கீறல் விழும். ஓரங்களைப் பிடித்துச் செங்குத்தாக மேலே தூக்கி எடுங்கள்.

டபுள்ஏ_ரசிகை

வரிசைப்படுத்துவதற்கு: மேசையில் ஐந்து குவியல். முன்னெழுத்து இல்லாத எண் உள்ளது, பிபி, பிசிபி, இன்செர்ட் (இடையிடையே வரும் தனி வடிவமைப்புக் கார்டு), பிறகு வண்ணம் அல்லது வரிசை எண் உள்ளது. ஐந்தாவது குவியல் மட்டும் குவியலே அல்ல, வந்த கணமே ஸ்லீவில். ஆட்டோவும் அப்படியே. பிசிபியில் 'ஃபர்ஸ்ட்' முத்திரை உள்ளவற்றைப் பெட்டி முடிந்ததும் ஸ்லீவ் போடலாம்.

இரண்டு இடங்களில் கண் தவறும். ஒன்று, காகிதக் கார்டிலும் வண்ண ஓரம் வரும். காகித நீலமும் குரோம் நீலமும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும், விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திருப்பி பிபியா பிசிபியா என்று பாருங்கள். இரண்டாவது, சாதாரணக் குரோமும் ரிஃப்ராக்டரும். விளக்கின் கீழ் சாய்த்தால் ரிஃப்ராக்டரில் வானவில் ஓடும், சாதாரணத்தில் வெறும் கண்ணாடிப் பளபளப்பு. பல ஆண்டுக் கார்டுகளில் பின்பக்க எண்ணருகே ரிஃப்ராக்டர் என்றே எழுதியும் இருக்கும்.

மரமட்டை

ஸ்லீவில் போடுவதற்கு முன் துடைக்கலாமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

குரோம்தாசன்

உலர்ந்த, புதிய மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், ஒரே திசையில். தூசியும் கைரேகையும் போகும் அளவுக்கு மட்டும். முதலில் தூசியை ஊதும் ரப்பர் பம்ப்பால் தட்டிவிடுங்கள், வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். தூசியோடு தேய்த்தால் துணியே உப்புத்தாள் ஆகிவிடும்.

டபுள்ஏ_ரசிகை

ஆட்டோ கார்டைத் துடைக்கவே வேண்டாம் என்பேன். போமன் குரோம் ப்ராஸ்பெக்ட் ஆட்டோ கார்டின் மேலேயே போட்ட கையெழுத்து, ஸ்டிக்கர் இல்லை. குரோம் பரப்பு மையை உறிஞ்சாது, மை மேலேதான் காய்ந்து நிற்கும். துணி அதன் மேல் பட்டால் நீலம் பனிபோலப் படரும். அந்தக் கறை திரும்பாது.

குரோம்தாசன்

ஒப்புக்கொள்கிறேன். ஆட்டோவில் கையெழுத்து இருக்கும் கீழ்ப்பகுதியைத் தொடாதீர்கள். மெழுகு, பாலிஷ், தண்ணீர் எதுவும் எந்தக் கார்டிலும் கூடாது. கார்டின் நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று தரமிடும் நிறுவனம் 'மாற்றப்பட்டது' என்று திருப்பி அனுப்பிவிடும்.

மரமட்டை

குரோம் கார்டு வில்லாக வளைவதைப் படங்களில் பார்த்தேன். பெட்டியிலேயே அப்படி வருமா?

குரோம்தாசன்

வரும். காரணம் எளிது. முன்பக்கம் பிளாஸ்டிக் படலம், பின்னால் காகிதம். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், வறண்டால் சுருங்கும். படலம் இரண்டையும் செய்யாது. ஆகவே ஈரக் காற்றில் முன்பக்கம் குழியும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் பின்பக்கம் குழியும். நேராக்க ஹேர்டிரையர், இஸ்திரிப் பெட்டி என்று இறங்கினால் படலம் கொப்பளிக்கும். ஸ்லீவில் போட்டு டாப்லோடரில் வையுங்கள், அல்லது ஸ்லீவோடு இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம். அறை ஈரப்பதம் 45இலிருந்து 50 சதவீதம் இருந்தால் சில நாட்களில் தானாகத் தணியும். வளைவு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, மடிப்புக்கோடு விழுந்தால்தான் போச்சு.

தரமிட அனுப்பும் எண்ணம் இருந்தால் பார்க்க வேண்டியவை: மேசை விளக்கைத் தாழ்த்தி, கார்டைக் கண் மட்டத்தில் சாய்த்துப் பிடியுங்கள். அச்சுக்கோடுகள் முடிபோல நேராக ஓடும், எந்திர உருளையின் தடம். குண்டூசித் தலை அளவு பள்ளம் இருக்கும், நேராகப் பார்த்தால் தெரியவே தெரியாது. பிறகு 10 மடங்கு லென்ஸில் நான்கு மூலை. கடைசியாக மையம்: இடது வலது ஓரங்களை அளந்து 55க்கு 45க்குள் இருந்தால் நிம்மதி. பாக்கெட்டிலிருந்து நேராக வந்த கார்டு என்பதற்காகப் பத்துக்குப் பத்து வராது, இந்தக் குறைகளெல்லாம் ஆலையிலேயே பிறந்தவை.

எண்கணக்கன்

தரமிடும் கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டுங்கள். ஒன்பது வந்தாலும் அந்தச் செலவு திரும்பி வருமா என்று பாருங்கள். பத்து வந்தால்தான் லாபம் என்கிற கார்டை அனுப்பாதீர்கள்.

பபிள்கம்_பெட்டி

விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வி யாரும் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பெரியது. 2009 போமன் குரோம் டிராஃப்டில் வந்த மைக் ட்ரவுட்டின் சூப்பர்ஃப்ராக்டர் ஆட்டோ 2020 ஆகஸ்டில் 39 லட்சத்து 36 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த ஆண்டு ஆட்டக்காரர் டிராஃப்டில் அவர் 25ஆவது ஆள். இதைச் சொல்லித்தான் எல்லோரும் பெட்டி விற்கிறார்கள். கெவின் மைத்தானைச் சொல்ல மாட்டார்கள். 2016இல் அட்லாண்டா 42 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஒப்பந்தம் செய்த பையன், 2017 போமனில் எல்லோரும் தேடிய பெயர். அந்த ஆண்டுக் கடைசியிலேயே அணி விதிமீறலால் ஒப்பந்தம் ரத்தானது, பெரிய லீக்கை அவர் எட்டவே இல்லை.

டபுள்ஏ_ரசிகை

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் 16, 17 வயதில் ஒப்பந்தமாகிறார்கள். கார்டு வரும்போது ரூக்கி லீக்கில்கூடச் சரியாக ஆடியிருக்க மாட்டார்கள். அங்கிருந்து பெரிய லீக்குக்கு லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மைனர் லீக்கில் நான்கு படி. கல்லூரியிலிருந்து டிராஃப்டில் வருபவர் இரண்டே ஆண்டில் மேலே போய்விடலாம். பால் ஸ்கீன்ஸ் 2023 டிராஃப்டில் முதல் ஆள், 2024 மே மாதமே பிட்ஸ்பர்க் அணிக்காகப் பந்து வீசினார். அவர் விதிவிலக்கு. பொதுவாகப் பந்துவீச்சாளர் கார்டை நீண்ட நாள் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, முழங்கை அறுவை என்றால் ஓர் ஆண்டுக்கு மேல் போய்விடும். மட்டையாளருக்கும் அது வரும்: ஹாசன் டொமிங்கஸ், 2020 போமனின் உச்ச நட்சத்திரம், 2023 செப்டம்பரில் யாங்கீஸுக்கு ஆடத் தொடங்கிய அதே மாதம் முழங்கை போனது.

நான் பார்க்கும் இடம் டபுள்-ஏ. அங்கே ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) கூடாமல், வாக் (நான்கு தவறான பந்தால் முதல் தளம் பெறுவது) குறையாமல் தாக்குப்பிடிக்கிற மட்டையாளரை வைத்திருக்கலாம். லோ-ஏவில் 20 ஹோம்ரன் அடித்த செய்தி வந்ததும் விலை ஏறினால், அந்த ஏற்றத்தில் பாதியை விற்றுவிடுவது புத்திசாலித்தனம்.

மரமட்டை

ஆட்டோவுக்குப் பதில் வெறும் குறியீட்டு எண் உள்ள கார்டு வந்தால்?

ஒன்பதாம்_இன்னிங்ஸ்

அது ரிடெம்ப்ஷன். கையெழுத்திட்ட கார்டுக்குப் பதில் வரும் சீட்டு; ஆட்டக்காரர் கையெழுத்திட்ட கார்டுகள் பாக்கெட்டில் அடைப்பதற்கு முன் வந்து சேரவில்லை என்று பொருள். முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய பெட்டி என்றால் அது ஏற்கெனவே முடிந்திருக்கலாம், பழைய சரக்கு வாங்குபவர்கள் விலையில் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும். நாணயத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள், வேகமாகச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். டாப்ஸ் தளத்தில் உடனே பதியுங்கள். கார்டு வர மாதக்கணக்கில் ஆகலாம். விற்கப் போகிறீர்கள் என்றால் சுரண்டாமல் விடுங்கள். சுரண்டிவிட்டால் எண் தெரியும்படி படம் போடவே போடாதீர்கள், பார்த்தவர் எவரும் அதைப் பதிந்துவிடுவார்.

மரமட்டை

கடைசிக் கேள்வி. டாப்லோடரில் போடும்போது மூலை மடங்காமல் எப்படி?

குரோம்தாசன்

பென்னி ஸ்லீவின் திறந்த வாயில் ஒரு மூலையைச் சின்ன முக்கோணமாகக் கத்தரித்துவிடுங்கள், வாய் அகலும். கார்டின் அடி விளிம்பை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்து நுழைத்து, பாதி போனதும் நேராக்கி, ஸ்லீவைச் செங்குத்தாகப் பிடித்தால் கார்டு தன் எடையிலேயே இறங்கும். விரலால் தள்ள வேண்டாம். டாப்லோடருக்குள் முதலில் ரப்பர் பம்ப்பால் ஊதிப் பிளாஸ்டிக் துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், புதிதிலும் இருக்கும். ஸ்லீவோடு கார்டை இறக்கிய பிறகு மேல்வாயை நீல நிற பெயின்டர் டேப்பால் ஒட்டி, டேப்பின் ஒரு முனையை உள்பக்கமாக மடித்து விடுங்கள், பிரிப்பவருக்குப் பிடி கிடைக்கும். சாதாரணச் செல்லோடேப் ஒட்டினால் பசை டாப்லோடர் வாயில் தங்கிவிடும். கார்டை வெளியே எடுக்கும்போது ஸ்லீவில் ஒட்டி, ஸ்லீவைப் பிய்க்கையில் மூலை போகும்.